பூவுக்குக் கொடுத்த அட்வான்ஸ்

பட்ஜெட் வாசிக்கிற நாளன்று காலையில், திருப்பதியில் எங்கள் லேடீஸ் ஹாஸ்டலின் மொட்டை மாடியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு எனக்குத் தோல்வியே கிடையாது என்று நம்பியிருந்தேன். பங்குச் சந்தை ஏறினால் லாபம் தரும் கால் ஆப்ஷன் ஒன்று, இறங்கினால் லாபம் தரும் புட் ஆப்ஷன் ஒன்று, இரண்டையும் முந்தின நாளே வாங்கி வைத்திருந்தேன். பட்ஜெட் என்றால் சந்தை ஏதாவது ஒரு பக்கம் குதிக்கத்தானே வேண்டும்? எந்தப் பக்கம் குதித்தாலும் என் மடியில்தான் விழும். இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது உலகத்தில் ஏன் இத்தனை பேர் ஷிப்ட்டுக்குப் போய்ச் சாகிறார்கள் என்று வேறு அவர்களுக்காக வருத்தப்பட்டேன்.

நானும் ஷிப்ட்டுக்குப் போகிறவள்தான். ரேணிகுண்டா பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் ஃபேக்டரியில், சோதனைப் பிரிவில் வேலை. மதியம் உள்ளே போகும்போது போனை லாக்கரில் பூட்டிவிட வேண்டும். அதற்கு முன்னால் காலைப் பொழுது முழுக்க என்னுடையது. அந்தப் பொழுதில் நுழைந்ததுதான் இந்த ஆப்ஷன் வியாபாரம். நுழைத்துவிட்டவள் என் பக்கத்துக் கட்டில்காரி. காளஹஸ்திக்காரி, அதே ஃபேக்டரியில், அதே ஷிப்ட்டில், கணக்குப் பிரிவு. தெலுங்கில் ஆரம்பிப்பாள், தமிழில் திட்டுவாள், எண்களை மட்டும் இங்கிலீஷில் சொல்வாள்.

அவள் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். இன்ன விலைக்கு இன்ன தேதிக்குள் ஒரு பொருளை வாங்கிக்கொள்ளும் உரிமையை நீ காசு கொடுத்து வாங்கலாம். அதுதான் கால் ஆப்ஷன். விற்கும் உரிமையை வாங்கினால் புட். உரிமை மட்டும்தான், கட்டாயம் கிடையாது. பிடிக்கவில்லையென்றால் விட்டுவிட்டுப் போகலாம், கொடுத்த காசு மட்டும் போகும். அந்தக் காசுக்குப் பிரீமியம் என்று பேர். கேட்டதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கட்டாயமில்லாத உரிமை! எங்கள் வீட்டில் அதுவரை எல்லாமே உரிமையில்லாத கட்டாயமாகத்தான் இருந்தது.

பட்ஜெட் வாசித்து முடிந்தது. சந்தை கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, கடைசியில் கிட்டத்தட்ட புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. என் போனிலோ கால் விழுந்துகொண்டிருந்தது. சரி, புட் ஏறியிருக்கும் என்று பார்த்தால் அதுவும் விழுந்துகொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் கீழே தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரி சாப்பிட்ட தட்டோடு மேலே ஓடிவந்தாள்.

"ரெண்டும் எப்டிடீ இறங்கும்? ஆப் கெட்டுப்போச்சா?" என்றேன்.

அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பிச்சிதானா, பைத்தியமே, வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜ் ரூம் என்ன ரேட்டு?"

"கேட்டா மயக்கமே வரும்."

"மறுநாளைக்கு? அதே ரூம், அதே கட்டில், அதே மூட்டப்பூச்சி. பாதிக்குக் கூப்பிடுவான். ஏன்? ரூம் கிடைக்குமோ கிடைக்காதோன்னு இருந்த பயம் போயிடுச்சு. நேத்து நீ வாங்கினதுல பாதி அந்தப் பயத்துக்குக் கொடுத்த காசு. இன்னைக்கு யாருக்கும் பயம் இல்ல. போயிந்தி, போயே போச்சு."

நான் அப்படியே துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சந்தை ஏறுமா இறங்குமா என்பது ஒரு கேள்வி. எவ்வளவு ஆடும் என்பது வேறு கேள்வி. அந்த ஆட்டத்துக்கென்று தனியாக ஒரு விலை இருக்கிறது, என்ன நடக்கும் என்று தெரியாமல் எல்லோரும் தவிக்கும்போது அது ஏறுகிறது, தெரிந்துவிட்டால் பொத்தென்று விழுகிறது! எனக்குப் பணம் போன ஆத்திரம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் விஷயம் புரிந்த சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. என் புத்தி அப்படி. அன்றைக்கு ஃபேக்டரி பஸ்ஸில் ரேணிகுண்டா வரைக்கும் வாய் மூடாமல் பேசிக்கொண்டே போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். எங்கள் ஊர் குடிபாலா பக்கம், வேலூர் எல்லைக்குச் சற்று இந்தப் பக்கம். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அங்கே மூன்று ஏக்கர் தோத்தாபுரி மாந்தோப்பு. கிளி மூக்கு மாதிரி வளைந்த காய். சித்தூரைச் சுற்றியிருக்கும் ஜூஸ் ஃபேக்டரிகள் வாங்கிக் கூழாக்கும் ரகம். நைனா பாதி ஆயுசு வரைக்கும் அடுத்தவர் தோப்பில் கூலிக்குக் காய் பறித்தவர். அரசாங்கம் பட்டா கொடுத்த கல்லாங்காட்டில் அவரும் அம்மாவும் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்கள் இவை. எங்கள் வம்சத்தில் முதல்முதலாகச் சொந்தமென்று சொல்லிக்கொள்ள வந்த பொருள்.

அந்த மரங்களுக்குத்தான் அப்போது கெடு வைத்திருந்தார் நைனா. போன வருஷம் விலை விழுந்து, காய் பேசிய வியாபாரி கடைசிவரை வரவேயில்லை. பழமெல்லாம் மரத்திலும் மண்ணிலும் அழுகிப்போனது. பக்கத்துத் தோப்புக்காரர்கள் இரண்டு பேர் மரத்தை வெட்டி விறகுக்கு விற்றுவிட்டார்கள். நைனாவும் மரவெட்டிக்காரரை ஒரு தரம் வரவழைத்து விலை கேட்டு வைத்திருந்தார்.

"இந்த வாட்டியும் அய்கிப்போச்சுன்னா வெட்டிட்றேம்மா," என்றார் வாசலில் உட்கார்ந்துகொண்டு. "மருந்துக்கும் உழவுக்கும் கைக்காசு போட்டுக்கினே கீறேன். எத்தினி வருசம்?"

எனக்குச் சுருக்கென்றது.  உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் வெளியே பைக் சத்தம். அந்த வருஷத்துக்குக் காய் பேச வியாபாரி வந்துவிட்டார். போன வருஷம் வராமல் போன அதே ஆள்தான். நைனா அவரைச் சாவுகார் என்பார்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தை மாசி வாக்கில் மரம் பூத்ததும் வியாபாரி வருவார். தோப்புக்குள் நடந்து, தலையை அண்ணாந்து பூவைப் பார்த்து, ஐந்து மாதம் கழித்து வரப்போகும் காய்க்கு டன்னுக்கு இவ்வளவு என்று அன்றைக்கே விலை பேசிவிடுவார். கையில் ஒரு அட்வான்ஸ் கொடுப்பார். மீதி, காய் பறிக்கும்போது. அந்தச் சமயத்தில் ஃபேக்டரி விலை ஏறியிருந்தால் லாரியோடு வந்து பேசிய விலைக்கே பறித்துக்கொண்டு போவார். விழுந்திருந்தால் போனை எடுக்கமாட்டார். அட்வான்ஸ் போனால் போகிறது.

வெளியே சாவுகார் சொல்லிக்கொண்டிருந்தார்: "அதே அட்வான்ஸ்தான்ப்பா, எப்பவும் குடுக்கறதுதான்."

வாய்க்குக் கொண்டுபோன சோற்றுருண்டை அங்கேயே நின்றது. இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. கட்டாயம் கிடையாது. பிடிக்கவில்லையென்றால் கொடுத்த காசு மட்டும் போகும். அட, இது கால் ஆப்ஷன்! நைனா இத்தனை வருஷமாக ஆப்ஷன் விற்றுக்கொண்டிருக்கிறார்! அதுவும் எப்படி? சந்தை எவ்வளவு ஆடினாலும் ஒரே பிரீமியத்துக்கு. அதைவிட அநியாயம், அதில் தேதியே கிடையாது. தேதியில்லாத ஆப்ஷனை உலகத்தில் எந்தப் பைத்தியக்காரன் விற்பான்? பழுத்து விழுகிற பொருளின் மேல்!

கழுவாத கையோடு வெளியே ஓடினேன்.

"அட்வான்ஸ் ரெண்டு மடங்கு வேணும் சாவுகார். அப்பால, தேதி வேணும். ஜூன் இருபத்தஞ்சு. அதுக்குள்ள வந்து பறிக்கலன்னா காய் எங்களுது, அட்வான்ஸும் எங்களுது."

நைனா முகம் செத்துவிட்டது. "நீ உள்ள போம்மா," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

சாவுகார் என் எச்சில் கையைப் பார்த்தார். "ஏமப்பா, உன் அம்மாயி, இந்தப் பொண்ணு, ஷேர் மார்க்கெட்டா?"

"ஆமாம்," என்றேன். "இந்த வருசம் மழையில பாதித் தோப்புல பூ கருகிப்போச்சு. ஃபேக்டரில போன வருசக் கூழு அப்டியே கீதுன்றாங்க. விலை மேல போவுமா கீழ போவுமா யாருக்கும் தெரியாது. தெரியாத வருசத்துக்கு அட்வான்ஸ் அதிகம்தான் ஆவும்."

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பைக்கில் ஏறினார், இறங்கினார், என்னை விட்டுவிட்டு நைனாவிடம் பேசிப் பார்த்தார். ஆனால் எங்கள் மரத்தில் பூ கொத்துக் கொத்தாக நின்றது. அதை அவர் மறுபடி மறுபடி அண்ணாந்து பார்ப்பதை நான் பார்த்துவிட்டேன். கடைசியில் ஒன்றரை மடங்குக்கு வந்தார். தேதியைப் பற்றிக் கேட்டபோது, "சரே, பெட்டுகோண்டி, வச்சிக்குங்க," என்று சிரித்தார். எந்தத் தோப்புக்காரன் தேதியைப் பிடித்துக்கொண்டு தன்னோடு மல்லுக்கு நிற்கப் போகிறான் என்ற சிரிப்பு அது. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. சித்தூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் பக்கத்துக் கட்டில்காரிக்குப் போன் போட்டு, "எங்க நைனா ஆப்ஷன் விக்கிற ரைட்டர்டீ!" என்று கத்தினேன். கண்டக்டர் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஆட்டம்தான். கருகின தோப்புகளில் இன்னொரு தரம் பூத்துக் காய் பிடித்தது. மே மாதம் முழுக்க விலை ஏறப்போகிறது என்றார்கள். ஜூனில் ஜூஸ் ஃபேக்டரி வாசல்களில் மாங்காய் லாரிகள் ரோட்டு வரைக்கும் வரிசையில் நின்றன. ஃபேக்டரிக்காரர்கள் கொஞ்சமாகத்தான் எடுத்தார்கள். விலை எங்கள் பேச்சு விலைக்குக் கீழே போய், அதற்கும் கீழே போனது. சாவுகார் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

தேதிக்கு மறுநாள் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் கிளம்பினேன். சும்மா கிளம்பவில்லை. தோத்தாபுரியைக் கீறி மிளகாய்ப்பொடி போட்டு விற்கும் தள்ளுவண்டிகளுக்கெல்லாம் காய் அனுப்பும் ஒரு மண்டிக்காரரை வேலூரில் பிடித்து வைத்திருந்தேன். ஃபேக்டரி விலையைவிட மேலே கொடுப்பதாகச் சொன்னார். ஆனால் கெட்டிக் காயாக வேண்டும், இன்றோ நாளையோ வரவேண்டும். எல்லோரும் எல்லை தாண்டி வர ஆரம்பித்துவிட்டால் அந்த விலை இருக்காது என்றார். லாரியும் சொல்லியாகிவிட்டது. பறிக்க ஆள் மட்டும்தான் பாக்கி.

தோப்பில் நைனா மரத்தடியில் குந்தியிருந்தார். மேலே காய்கள் மூக்கில் மஞ்சள் ஏறி நின்றன. கீழே அங்கங்கே விழுந்து வெடித்துக் கிடந்தன.

"ஆளக் கூப்டு நைனா, பறிக்கலாம்," என்றேன்.

"சாவுகார் வர்ட்டும்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. "தேதி நேத்தோட முடிஞ்சிட்ச்சி!"

"தேதி முடிஞ்சா இன்னா? அவுரு காசு என் கைல கீது. காசு வாங்கிக்கினு காய வேற ஆளுக்குத் தூக்கிக் குடுத்தா அது இன்னா பொழப்பு? அட்வான்ஸ் வாங்கின அன்னிக்கே காய் அவுருதும்மா."

நான் கத்தினேன். கெஞ்சினேன். போன வருஷம் அழுகினதைச் சொன்னேன். மரவெட்டிக்காரரைச் சொன்னேன். அவர் அசையவில்லை. அந்தப் பக்கம் எந்தத் தோப்பை எட்டிப் பார்த்தாலும் இதே கதைதான். அட்வான்ஸ் கொடுத்தவன் வரவில்லை, வாங்கியவன் காயைத் தொடவில்லை. ஒருத்தருக்கும் அது பிரீமியம் என்று தெரியாது. பாதி விற்றுவிட்ட பொருள் என்று நினைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு யோக்கியமாக ஒரு ஊரே ஏமாறுவதைப் பார்க்க எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

மதியம் தாண்டிவிட்டது. கோபத்தில் தூரமாகப் போய் உட்கார்ந்து போனை எடுத்தேன். அந்த வாரம் நான் வாங்கியிருந்த ஒரு கால் ஆப்ஷனுக்கும் அன்றைக்குத்தான் கடைசி நாள். மூன்றரை மணிக்குச் சந்தை மூடும்போது அதன் ஆயுசு முடியும். காலையில் இருந்த விலையில் முக்கால்வாசி போய்விட்டிருந்தது. திடீரென்று எழுந்து போய் நைனா பக்கத்தில் குந்தி போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது இன்னாம்மா?"

"நான் குடுத்த அட்வான்ஸ்."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டு ரூபாயும் சில்லறையும் என்றிருந்தது, ஒன்றரை ஆனது. கொஞ்சம் ஏறியது. "ஏறுது ஏறுது," என்றார். அடுத்த நொடி ஒரு ரூபாய்க்குக் கீழே போனது. நைனாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. எனக்கும்தான். சொந்தப் பணம் கரைவதை இவ்வளவு ஆசையாக நான் பார்த்ததே கிடையாது. இறங்கு, இறங்கு, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நாற்பது காசு. பதினைந்து காசு. மூன்றரை மணிக்கு ஐந்து காசில் நின்றது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். முடிஞ்சிட்ச்சி."

"உன் காச வாங்கினவன் யாரு?"

"யாரோ. பேர் கூடத் தெரியாது."

"நாளிக்கு நீ போய்க் கேட்டா தரமாட்டானா?"

"எதுக்கு நைனா தரணும்? விலை எங்க போனாலும் என் விலைக்குக் குடுக்கறேன்னு இத்தினி நாளா கட்டுப்பட்டுக்கினு இருந்தான் இல்ல? அதுக்குக் கூலி அது."

நைனா போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "கூலியா?"

"கூலிதான். பூ வுட்டதுலருந்து நேத்து வரிக்கும் நீ யாருக்கும் விக்காம காத்துக்கினு இருந்தியே, அதுக்கு சாவுகார் குடுத்த கூலி."

 அட்வான்ஸ், பிரீமியம், ஆப்ஷன் என்று நான் காலையிலிருந்து எத்தனை வார்த்தை கொட்டியிருப்பேன், ஒன்றுகூட அவர்மேல் ஒட்டவில்லை. இந்த ஒரு வார்த்தை போய்ப் பிடித்துக்கொண்டது. செய்த வேலைக்கு வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அவர் வாழ்க்கையில் எந்த முதலாளியும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்கவும் மாட்டார். வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். வரப்போரம் போய்க் கையை வாயில் குவித்துக் குரல் கொடுத்தார். பறிக்கிற ஆட்கள் கொக்கி வைத்த அலக்குக் கழியும் வலையுமாக வந்தார்கள்.

அன்று பொழுது சாயும்வரை நான் கூடை தூக்கினேன். மறுநாளும் தூக்கினேன். கை முழுக்க மாங்காய்ப் பால் பட்டுத் தோல் எரிந்தது, எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. பக்கத்துத் தோப்புக்காரர்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள். ஒருவர், "சாவுகார் கேட்டா இன்னா சொல்வ?" என்றார். நைனா மரத்தைப் பார்த்துக்கொண்டே, "பறிங்கப்பா, பறிங்க," என்று ஆட்களை விரட்டினார்.

லாரி வேலூர் ரோட்டில் ஏறிய கொஞ்ச நேரத்தில் சாவுகாரிடமிருந்து போன் வந்தது. யாரோ சேதி சொல்லியிருக்கிறார்கள். நைனா போனை என்னிடம் நீட்டினார், பிறகு என்ன நினைத்தாரோ, தானே எடுத்தார். அந்தப் பக்கம் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. நம்பிக் கொடுத்தேனே, என் அட்வான்ஸ் என்ன ஆனது, எண்ணி வை என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் ஓயும்வரை நைனா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"தேதி வரிக்கும் காத்துக்கினு இருந்தேன் சாவுகார். அதுக்குக் கூலி ஆய்ப்போச்சு அது. கூலிய எவனும் திருப்பித் தரமாட்டான்."

வேலூர் மண்டியில் வந்த காசு ஒன்றும் கோட்டை கட்டும் காசு இல்லை. அட்வான்ஸையும் சேர்த்தால் பறித்த கூலி, லாரி வாடகை போக, வரும் வருஷத்து உழவுக்கும் மருந்துக்கும் தாராளமாகக் காணும். அதைச் சொன்னபோது நைனா இரண்டு தரம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டார். பிறகு மரவெட்டிக்காரருக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னார்.  போட்டுக் கொடுத்தேன்.

"நான்தாம்பா, தோத்தாபுரி," என்றார் நைனா. "மரத்துக்கு விலை சொல்லிட்டுப் போனியே. நீ வராத. வேலை செய்ற மரம், கூலி இன்னும் நெறைய வர வேண்டிக் கீது."